கிணத்தடித் தெரு மலையம்மாள்

சின்னமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த மொக்கைச்சாமிக்குத் தன் தெருவையே காணோம். நாற்பது வருஷம் கழித்து வந்திருக்கிறார், வழி கேட்க வெட்கம். பிறந்து வளர்ந்த தெருவுக்கு எவனாவது வழி கேட்பானா? ரெண்டு தடவை சுற்றி வந்தார். இருபத்தொரு வீடும் பொதுக்கிணறும் இருந்த இடத்தில் வெறும் பொட்டல். வாழைத்தார் லாரிகள் நிற்கின்றன. ஓரத்தில் ஒரு டீக்கடை.

"ஏலே மொக்கை! நீயா?" என்று டீக்கடைக்காரர்தான் முதலில் அடையாளம் கண்டார். கூடப் படித்த வேல்பாண்டி.

"தெரு எங்கப்பா?"

"ரோட்டை அகலப்படுத்துறோம்னு பாதியை எடுத்தாக. மிச்சத்தை இடிச்சு லாரி நிக்கச் சமப்படுத்திட்டாக. கிணத்தையும் மூடியாச்சு. நீ எங்க இந்தப் பக்கம்?"

"அக்காவைத் தேடி வந்தேன்."

வேல்பாண்டி டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ஒனக்குத்தான் அக்காவே கெடையாதே" என்றார்.

குத்தலாகத்தான் சொன்னார். சொல்லட்டும், தப்பில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கருமாதி பண்ணிய குடும்பம் அது. மலையம்மாள் பத்தொன்பது வயசில் ராயப்பன்பட்டி கிறிஸ்டோபரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை தங்கமான ஆள்தான். வேதக்காரன், அது ஒன்றுதான் குற்றம். அப்பா தலைமுழுகிவிட்டார். வாய்ப்பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே. முல்லையாற்றங்கரையில், ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில், அவளுடைய தாவணியை ஆற்றில் நனைத்துப் பலகையில் கிடத்தினார். பதினாலு வயசு மொக்கையின் தோளில் பானையை ஏற்றி, மூன்று சுற்று சுற்றி உடைக்கச் சொன்னார். அவனும் உடைத்தான்.

அன்றோடு அவள் செத்தவள். செத்தவள் கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஆனால் அவளோ அதே தெருக்கோடியில்தான் வாடகைக்குக் குடியிருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மத்தியானம் வாசலில் வந்து நின்று "தம்பி" என்பாள். மொக்கை சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ரெண்டு வருஷம் கூப்பிட்டாள். ஒருநாள் நின்றுபோயிற்று. அப்புறம் இவர்களும் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள்.

போன மாசம் அப்பா போய்ச் சேர்ந்தார். கொள்ளிக்குடம் தோளில் ஏறியதும் மொக்கைச்சாமிக்கு அந்தப் பழைய பானையின் கனம் தெரிந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை அவள் "தம்பி" என்று கூப்பிட வேண்டும், தான் "என்னக்கா" என்று கேட்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் அவருக்கு.

"உயிரோட இருக்காளா வேலு?"

"நல்லாத்தான் இருக்காக. கிறிஸ்டோபர் போயி ஆறு வருஷமாச்சு. ராயப்பன்பட்டியில மக ஜாய்ஸ் வீட்ல இருக்காக." போன் நம்பரும் கொடுத்தார்.

மொக்கைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடு இருந்த மண்ணை ஒரு மிதி மிதித்துவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தார். வேல்பாண்டி கையைப் பிடித்தார்.

"இப்பப் போகாத. உச்சி வேளை. இந்நேரத்துக்கு லோடுமேன்கூட அங்கன நிக்க மாட்டாக."

"ஏன்?"

"ஒரு பொண்ணு கூப்பிடுதாம்." குரல் தணிந்தது. "யாரைன்னு தெரியல."

"அட போப்பா!" என்று உதறிவிட்டு நடந்தார்.

பழைய டிரான்ஸ்பார்மர் மட்டும் அதே இடத்தில் நின்றது. அதிலிருந்து எட்டு வைத்து எண்ணினார். கிட்டத்தட்ட வீட்டு வாசல் வந்திருக்கும். ரோட்டுச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. வாழைச்சருகு வாசத்துக்கு நடுவே ஆற்று வண்டல் வாசம் வந்தது. பிழியாத ஈரத்துணி வாசம்.

"தம்பி."

முதுகுக்குப் பின்னால்.

அறுபத்தைந்து வயசுக்காரியின் குரல் இல்லை அது. பத்தொன்பது வயசுக் குரல்.

"தம்பி... நான்தான்."

இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தானே இத்தனை தூரம் வந்தார்? பதில் சொல்ல வேண்டியதுதானே! நாக்கு அசைந்தால்தானே. அன்றைக்குத் தட்டைப் பார்த்ததுபோல இப்போது தரையைப் பார்த்தார். காய்ந்து வெடித்த மண்ணில், அவர் காலுக்குப் பக்கத்தில், சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்துகொண்டிருந்தது.

அக்காதான் உயிரோடு இருக்கிறாளே.

அப்படியானால் இது யார்?

ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது தெரியாமல் ஓடினார்.

உத்தமபாளையம் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்கார வந்த ஓர் அம்மா, "சீட்டெல்லாம் ஈரமா இருக்கே" என்று முகம் சுளித்து நகர்ந்து போனாள். மொக்கைச்சாமி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

போனில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். ராயப்பன்பட்டியில் ஜாய்ஸ் தையல் மிஷினை விட்டு எழுந்து வாசலுக்கே வந்தாள். "வாங்க மாமா."

மாமா என்ற அந்தச் சொல்லுக்கே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"முன்கூட்டியே சொல்லிடுறேன் மாமா. அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கல்யாணத்துக்கு முந்தினது மட்டும் கெடையாது. வாராவாரம் உங்க வாசலுக்கு வந்தாகல்ல, ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தவுகளுக்குத் தம்பின்னு ஒருத்தர் இருக்கிறதே தெரியலையாம். 'அந்தத் தெருவுல இருந்து பாதி ஆளைத்தான் கூட்டியாந்தேன்'னு அப்பா சொல்லிச் சொல்லி அழுவாக."

உள்ளே நைலான் பட்டைக் கட்டிலில் உட்கார்ந்து மலையம்மாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தாலும் அதே முகம்.

"அக்கா, நான் மொக்கை."

"யாரு சாமி? எனக்குக் கூடப்பிறந்தவுக யாரும் இல்லையே. வேற வீடு தேடி வந்தீகளா?" அன்பாகத்தான் கேட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அப்போது வாசம் வந்தது. ஆற்று வண்டல். ஈரத்துணி.

"தம்பி."

வாசலில்.

ஜாய்ஸ் அசையவே இல்லை. அவளுக்குக் கேட்கவில்லை. மலையம்மாள் மட்டும் தலை நிமிர்ந்தாள்.

"வெளிய யாரோ பொண்ணு கூப்பிடுதே, பாரு ஜாய்ஸ்."

ஜாய்ஸ் எட்டிப் பார்த்தாள். "யாரும் இல்லம்மா."

"தம்பி."

"எல்லாருக்கும் காது செவிடா? எம்புட்டு நேரமாக் கூப்பிடுது! பாவம், தலை நனைஞ்சு நிக்குது." மொக்கைச்சாமியைப் பார்த்துச் சிடுசிடுத்தாள். "பதில் சொன்னா என்ன கொறைஞ்சா போயிருவீக?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படியோ வாயைத் திறந்துவிட்டார்.

"என்னக்கா... உள்ள வாக்கா."

அவர் தோளை உரசிக்கொண்டு குளிர்ச்சியாக எதுவோ கடந்து போயிற்று.

மலையம்மாள் அவரைக்காய் முறத்தை எடுத்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். யாருமில்லாத அந்த இடத்தில் நைலான் பட்டை மெல்லத் தாழ்ந்தது.

"இவரு ஒனக்குத் தெரிஞ்சவரா தாயி?" என்று அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மொக்கைச்சாமியும் காத்திருந்தார்.

பட்டை தாழ்ந்தபடியே இருந்தது. பதில் மட்டும் வரவில்லை.