செம்பருத்தி இலை வாடை

மூன்று தரம் தண்ணீர் ஊற்றியும் ஸ்வாதியின் தலையிலிருந்து அந்தப் பச்சை வாடை போகவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து, செம்பருத்தி இலையை நுரை வர அரைத்து மகளுக்குத் தேய்த்துவிடுவது கிருஷ்ணப்பிரியாவுக்குத் தேனியில் இருந்த நாளிலிருந்தே பழக்கம்தான். ஆனால் இன்று அலச அலச, வெட்டிய புல்லும் இன்னதென்று தெரியாத ஒரு தித்திப்பும் வெந்நீர் ஆவியோடு கலந்து குளியலறையை நிறைத்தது.

காலையில் இலை பறித்தபோது வந்த சண்டை வேறு மனதை அரித்தது. சேக்காட்டில் இவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால் விஜியின் வீடு. மதில் தாண்டி நீண்டிருந்த கிளையை இவள் மொட்டையடித்துக்கொண்டிருந்தபோது விஜி ஓடிவந்தாள்.

“அந்தச் செடியில கை வெக்காதேன்னு எத்தினி வாட்டி சொல்றது? புழு கடிச்சாலே வாசனை உட்டு, அந்தப் புழுவத் தூக்கிகினு போவ குளவியக் கூப்புடும் அது. நீ இன்னாடான்னா கூடை கூடையா பறிச்சிகினு கீறே!”

“நாலு இலைக்கு இம்புட்டுப் பேச்சா? குளவி வந்தா வரட்டும்.”

விஜி உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

குளியலறை ஜன்னலில் ஒரு சின்னக் குளவி வந்து உட்கார்ந்தது. பிறகு நாலைந்து. கிருஷ்ணப்பிரியா கண்ணாடியை இழுத்து மூடினாள். சீயக்காய் போட்டாள், சோப்புப் போட்டாள், பாதி பாட்டில் ஷாம்பூவைக் கவிழ்த்தாள். வாடை கூடியதே தவிர குறையவில்லை. ஐயோ, பிள்ளை தலையிலா இதைப் பூசினேன்! கண்ணாடியில் குளவிகள் மோதும் சத்தம், கடுகு வெடிப்பதுபோல நிற்காமல் கேட்டது.

சட்டென்று நின்றது. எல்லாம் பறந்துபோயிருந்தன.

மொட்டைமாடியில் ஒரு ரீங்காரம். கனமாக. பக்கெட் தண்ணீர் நடுங்கியது.

“அம்மா, தலை அரிக்குது.”

“பேசாதடி கண்ணு.”

மகளைத் துண்டில் சுருட்டித் தூக்கினாள். கதவுக்கு நாலடி. வெளிச்சம் மறைந்தது. கண்ணாடி உடைந்தது. பிடரியில் ஒரு குத்து.

கால் மடங்கியது. கை தளர்ந்தது. தரையில் கன்னம் பதியக் கிடந்தாள். கத்த நாக்கு எழவில்லை. கண் மட்டும் பார்த்தது.

எதிரே ஸ்வாதி எழுந்து நின்றாள். உடைந்த ஜன்னலிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு குளவியின் இரண்டு மஞ்சள் மீசைகள் இறங்கி, அவள் ஈரத் தலையை வகிடு எடுப்பதுபோல மெல்ல, மிக மெல்லத் தடவின.

கூச்சம் தாங்காமல் குழந்தை சிரித்தது.