தலைமாட்டுக் கல்

சிறிலுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஃபெக்டரியில் தேயிலைக் கொழுந்து அரைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து நின்றவன், தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் குனிந்து செருப்பைக் கழற்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். உள்ளே சிவசாமி உட்கார்ந்திருந்தார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர் அவர். காலடியில் ஒரு தகரப் பெட்டி. பெட்டி நிறைய கீறல் விழுந்த, வளைந்துபோன இசைத்தட்டுகள்.

“மாரியம்மன் பாட்ட ஒரு வேதக்காரன் கையில குடுக்குறேன். ஆத்தாவுக்கு ஞானஸ்நானம் குடுத்துறாதப்பா,” என்றார்.

சிறிலின் பெண்சாதி டோரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருவிழாவுக்குள் முடித்துத் தருவதாக சிறில் சொன்னான். ஃபெக்டரியில் அவன் ஒரு கூலி. இந்த வேலைக்காகத்தான் தோட்டத்தில் நாலு பேர் அவனைப் பேர் சொல்லித் தேடி வந்தார்கள்.

தட்டைச் சவுக்காரத் தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பான். முள் சிக்கி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தும் இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, தையல் ஊசியால் மெல்ல நீவி வழி திறப்பான். அது அவனுக்குக் கைவந்தது. வளைந்த தட்டுதான் பாடு. அடுப்புச் சூட்டில் இளக்கி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, மேலே தட்டையான பாரம் ஏற்ற வேண்டும். டோரீனின் அம்மி நடுவில் குழிந்திருந்தது. அதை ஏற்றியபோது கண்ணாடிதான் உடைந்தது.

தட்டையான கல் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும்.

தோட்டத்து மயானத்தில் வேதக்காரர் பக்கம் மரச்சிலுவைகள் நிற்கும். மற்றவர்கள் பக்கம் தலைமாட்டில் ஆளுக்கொரு கல், அவ்வளவுதான். பேர் இருக்காது. எழுத்தும் சிலுவையும் இல்லாதது வெறும் கல்தானே என்று நினைத்துக்கொண்டே அவன் அதில் தட்டையான ஒன்றைப் புரட்டினான். அடியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

அது காளியாயியின் கல். மாவுக்குத் தட்டுப்பாடான வருஷத்தில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து சிறிலின் மூத்த பிள்ளைக்குக் கொடுத்த, அடுத்த வீட்டுக் கிழவி. அவள் மகள் நாகலெட்சுமி இந்தியாவுக்குப் போகும்போது, ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அழுதாள். சரியென்று தலையாட்டியவன்தான் அவன்.

கல்லைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கி வந்தான்.

முதல் தட்டு அருமையாக நிமிர்ந்தது. ஆனால் கண்ணாடியைப் பிரித்தபோது தட்டு நனைந்திருந்தது. துடைத்து மறுபடி வைத்தான். மறுபடியும் ஈரம். மலையில் எதுதான் காய்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஆனால் பனி ஈரத்துக்கு மஞ்சள் வாசமும் புது மண் வாசமும் வராது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த மத்தியானம், பேட்டரி பிளேயரில் தட்டைப் போட்டுப் பார்த்தான். பாட்டு நன்றாகப் போனது. அவன் ஊசியால் நீவிய இடம் வந்தது.

பாட்டு நின்றது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

நெஞ்சுச் சளியில் இழுக்கும் மூச்சு ஒன்று கேட்டது.

அடுப்படியில் டோரீனின் கை நின்றது. காளியாயிக்காவின் இழுப்பு மாதிரி இருக்கிறதே என்றாள். கீறல் சத்தம் என்றான் அவன். அவள் கல்லைப் பார்த்தாள்.

“இத எங்கருந்து எடுத்தீங்க?”

“ஆத்துல கெடந்துச்சு.”

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து அவனால் சோறு தின்ன முடியவில்லை. தட்டுகளை உடைத்துப் போட்டிருக்கலாம். கல்லைத் திருப்பி வைத்திருக்கலாம். யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது? பெட்டியை அப்படியே சிவசாமியிடம் கொடுத்தான். அவர் தோளில் தட்டிப் பாராட்டினார். அதையும் வாங்கிக்கொண்டான்.

திருவிழாவன்று மத்தியானமே பனி இறங்கி லயங்களை மூடிவிட்டது. கோயில் மரத்தில் கட்டிய லவுட்ஸ்பீக்கர் குழாய் மட்டும் பனிக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தது. பெண்கள் பொங்கல் பானையைச் சுற்றி நின்றார்கள்.

பாட்டு நின்றது.

மூச்சு இழுத்தது. மலை முழுக்கக் கேட்டது.

“தல நனையுது.”

முள் சிக்கிய மாதிரி அதே வார்த்தை.

“தல நனையுது.”

சிவசாமி முள்ளைத் தூக்கிவிட்டார். தூக்கிய பிறகும் ஒரு தரம் வந்தது.

அந்தக் குரலோடு காலமெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி, தட்டைச் சரி செய்தவனைப் பார்த்தார்கள். டோரீனும் பார்த்தாள்.

“கல்ல எங்கருந்து எடுத்தீங்க?”

அவன் வீட்டுக்கு ஓடினான். கல்லைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். மூச்சு வாங்க மயானத்துக்கு வந்தபோது அங்கே மயானம் பாதிதான் இருந்தது. மற்றச் சரிவு வெட்டிக் கொத்தி, வரிசை வரிசையாகப் புதுத் தேயிலைக் கன்று நட்டிருந்தது. கன்றுகளுக்கு நடுவே அங்கங்கே கல் வைத்த புதைகுழிகள் மட்டும் வெட்டுப்படாமல் திட்டுத் திட்டாக நின்றன. கன்றுகளுக்குக் காவலிருந்த கங்காணி அழகுமுத்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். அவன் தோளிலிருந்த கல்லைப் பார்த்தார்.

“தொரை எல்லாத்தையும் வெட்டத்தான் சொன்னாரு. நாங்கதான் கல்லு இருந்த எடத்த விட்டுட்டு வெட்டுனோம் தம்பி,” என்றார். “கல்லு இல்லாத எடத்துல ஆளு இருக்குன்னு யாரு கண்டா?”

அவர் காறித் துப்பிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

மழை பிடித்தது. எந்த வரிசை, எந்தக் கன்று என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. குத்துமதிப்பாக ஓரிடத்தில் கல்லை இறக்கினான்.

காலுக்குக் கீழேயிருந்து மூச்சு இழுத்தது.

“அங்க இல்லய்யா.”

கல்லைத் தூக்கி அடுத்த வரிசையில் வைத்தான்.

“அங்கயும் இல்ல.”

திட்டவில்லை. பிள்ளைக்கு ரொட்டி கொடுத்தபோது பேசிய அதே குரல்தான். அதுதான் அவனை உடைத்தது. இருட்டும்வரை வரிசை வரிசையாகக் கல்லைச் சுமந்தான். ஒவ்வொரு இடத்திலும் அவள் பொறுமையாக இல்லை என்று சொன்னாள்.

இப்போது கன்றுகள் வளர்ந்து இடுப்புயரம் வந்துவிட்டன; பெண்கள் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். மழை நாளில் அந்தச் சரிவில் நிற்கிறவர்கள் காலுக்கடியில் இழுக்கும் மூச்சைக் கேட்டு, பேசாமல் அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொள்கிறார்கள்.

காளியாயிக்கு ஒரு தலைமாட்டுக் கல் பாக்கி.