இரண்டு மணி நேரமும் ஏழு சாக்ஸும்

அமெரிக்காவின் டுலூத் நகரில் பனி பெய்தால் பள்ளிக்கு விடுமுறை கிடைக்காது. கையில் மண்வெட்டிதான் கிடைக்கும். ஏழாம் வகுப்பு மேரனுக்கு அதில் வருத்தமே இல்லை. அவள் வருத்தம் வேறு.

மாணவர் கௌரவச் சங்கத்தில் சேர நல்ல மதிப்பெண் வேண்டும். அது இருந்தது. நன்னடத்தை வேண்டும். வகுப்பில் ஓயாமல் பேசுவதை மட்டும் ஆசிரியை மிஸஸ் கார்ல்சன் பெரிய மனதோடு மன்னித்துவிட்டார். இருபது மணி நேரப் பொதுச்சேவையும் வேண்டும். வெளியாள்தான் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டார் போட்டால் செல்லாது. மேரனிடம் பதினெட்டு மணி நேரம்தான் இருந்தது. படிவம் கொடுக்க நாளை கடைசி நாள்.

"எங்க மாமாகிட்ட சொன்னா ரெண்டு மணி நேரம் சும்மா எழுதிக் கொடுத்துடுவாரு," என்றான் பக்கத்து இருக்கை கேடன்.

மேரனுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம்டா. சேரும்போது எல்லார் முன்னாடியும் மெழுகுவத்தி ஏத்தணும். பொய் சொல்லிட்டு ஏத்தினா எனக்குக் கை நடுங்கும்."

பள்ளி விட்டதும் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினாள். வண்டியைத் துடைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். வண்டி ஏற்கெனவே பளபளவென்று நின்றது. மீசைக்காரத் தீயணைப்பு வீரர் டுவேன் கொஞ்சம் யோசித்து, அவளுக்கு ஒரு துப்பறியும் வேலை கொடுத்தார்.

பிர்ச் தெருவில், தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருவோரக் குழாய்களைப் பனி மூடும்போதெல்லாம் யாரோ தோண்டி வைக்கிறார்களாம். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சி, குச்சியில் சிவப்பு சாக்ஸ். போன வாரம் அங்கே ஒரு சமையலறையில் தீப்பிடித்தது. சாக்ஸைப் பார்த்து உடனே அதில் வண்டியின் குழாயை மாட்டியதால் சேதம் திரைச்சீலையோடு போயிற்று.

"அந்த ஆளைக் கண்டுபிடிச்சுச் சொல்லும்மா. ரெண்டு மணி நேரம்னு எழுதித் தரேன்."

மேரன் பனிக்காலணிகளைக் கழற்றினாள். ஒரு காலில் பச்சை சாக்ஸ். இன்னொன்றில் சிவப்பு.

"சிவப்புல நாலு ஜோடி வாங்கினோம். ஏழு அங்க நிக்குது. எட்டாவது இதுதான்."

டுவேன் அவளுடைய படிவத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார்.

"இதை ஏம்மா சேவைக் கணக்குல சேக்கல?"

"எங்க தெருதானே? சேவைன்னே தோணல."

அவர் பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதினார். நிலையத்தில் இருந்த ஆறு பேரும் போட்டி போட்டுக் கையெழுத்திட்டார்கள்.

அடுத்த வாரம் விழா. பெயர் அழைக்கப்பட்டதும் மேரன் மேடையேறி மெழுகுவத்தியை எடுத்தாள். கடைசி வரிசையில் ஆறு தீயணைப்பு வீரர்கள் எழுந்து, கால்சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு காலில் பச்சை, ஒரு காலில் சிவப்பு.

மேரனுக்குக் கை நடுங்கத்தான் செய்தது. சிரிப்பை அடக்குவது அவ்வளவு சுலபமா என்ன?