பக்கத்து வீட்டுப் பேச்சு

மலாக்கா பக்கம் லூபோக் சீனாவின் ஒதுக்குப்புறத்தில் இருந்த அந்தப் பழைய பலகை வீட்டுக்குக் காந்தனும் அவன் மனைவி வாணியும் குடிவந்தது 1994 மழைக்காலத்தில். பாய் தலையணையை இறக்குவதற்கு முன்பே மலாக்கா டவுனில் வாங்கிய கம்பியில்லாத டெலிபோனைத்தான் அவன் பிரித்தான். ரப்பர் ஆலையில் கணக்கெழுதும் கிராணிக்கு அது அதிகப்படிதான். ஆனால் ஏரியலை நீட்டிக்கொண்டு வாசலில் நின்று பேசினால், இனி வரப்போகும் காலமே தன் கைக்குள் இருப்பதுபோல் இருந்தது அவனுக்கு.

மூன்றாம் நாள் அதில் வேறொரு குரல் கேட்டது.

"சனிக்கிழமை அவரு லோரிய எடுத்துக்கிட்டு ஜொகூர் போனதும் உம்பாய்ல உன் வீட்டுக்கு பஸ் ஏறிடுறேன்க்கா. இதுக்கு மேல அடி தாங்க முடியாது."

பக்கத்து வீட்டு ஜெயா. அவள் புருஷன் பாலகிருஷ்ணன் வைத்திருந்ததும் அதே கடையில் வாங்கிய அதே மாதிரி போன். காற்றில் போகிற பேச்சுக்குப் பூட்டு கிடையாது என்பது காந்தனுக்கு அன்றுதான் புரிந்தது. போனை அணைத்திருக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு கடைசிவரை கேட்டான்.

மறுநாளும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் பாலகிருஷ்ணனைப் பார்த்ததும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"உங்க வீட்டுல பேசுறதெல்லாம் என் போன்ல கிளியரா விழுதுலா!"

"அப்படியா? என்ன விழுந்துச்சு?"

பாதியிலேயே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. முழுவதையும் சொன்னான். பாலகிருஷ்ணன் சிரித்தான். தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனான்.

சனிக்கிழமை காலை ஜெயாவைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். பாசியில் வழுக்கிவிட்டாள் என்றான் புருஷன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பிற்பகல். நல்ல மழை. வாணி வேலைக்குப் போயிருந்தாள். போன் அடித்தது.

எடுத்தான். தண்ணீர் சொட்டும் சத்தம். அறை முழுக்கப் பாசி வாடை.

"காந்தன் அண்ணே... நீங்கதானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

பேட்டரியைப் பிடுங்கினான்.

அது அவன் உள்ளங்கையில் கிடந்தது. குரல் நிற்கவில்லை.

"அக்கா உம்பாய் பஸ் ஸ்டாப்புல நிக்கிறா. நான் வரலைன்னு சொல்லிடுங்கண்ணே."

அன்றைக்கே போனை ஆற்றில் எறிந்தான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஜெயாவின் அக்கா போலீசில் புகார் கொடுத்தாள். அக்கம்பக்கத்தாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். காந்தனின் முறை வந்தது. மலாய்க்கார கார்ப்பரல் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் சண்டை ஏதாவது உண்டா, அந்தப் பெண் யாரிடமாவது ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், அதை எப்படிக் கேட்டாய், யாரிடம் போய்ச் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, துவான்."

கையெழுத்துப் போட்டான்.

மேசை ஓரத்தில் கிடந்த வாக்கிடாக்கி கரகரத்தது. தமிழில், மிக மெல்லிய குரல்.

"ஏண்ணே?"

கார்ப்பரல் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சுவிட்ச் அணைந்திருந்தது. காந்தனைப் பார்த்து மலாயில் கேட்டார்:

"யார் அந்தப் பெண்?"