பூங்கோதை படித்து முடித்த கல்லூரி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் பூங்கோதை இரண்டு கல்லூரிகளில் படித்து முடித்துவிட்டாள். சாப்பிட்ட பிறகு மூன்றாவதைப் படிக்கலாம் என்று அவள் அம்மா செண்பகம் தயிர்சாத டப்பாவைத் திறந்தாள்.

நிலவில், வெண்குடி நகரத்தில், பள்ளிப் படிப்பை முடித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வழக்கம்தான். முன்வாழ்வுக் கூடத்தில் கல்லூரிக்கு ஓர் அறை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு படுத்தால், அந்தக் கல்லூரிப் படிப்பையும் அதற்குப் பின் வரும் வாழ்க்கையையும் ஒரு மணி நேரத்தில் வாழ்ந்து பார்த்துவிடலாம். பெற்றோர் வெளியே திரையில் பார்ப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் மற்ற வாழ்க்கைகளையும், அந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த நினைவையும் மூளையிலிருந்து கழுவிவிடுவார்கள். கிடைக்காததை நினைத்துப் பிள்ளைகள் ஏங்கக் கூடாதாம். ‘தவறான தேர்வுக்கு இனி இடமில்லை’ என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. எழுதியவருக்கு இயந்திரங்களைத் தெரியும், பெற்றோர்களைத் தெரியாது.

காலையில் முதலில் பார்த்தது கனிமக் கல்லூரி. அதில் நாற்பது வயதுப் பூங்கோதை ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, இயந்திரம் பள்ளம் தோண்டுவதைப் பார்த்து, ‘தோண்டியாயிற்று’ என்ற பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். பொத்தானை அழுத்தாவிட்டாலும் இயந்திரம் தோண்டத்தான் செய்யும். இரண்டாவது கல்லூரி, நகரக் கூரையின் ஓட்டைகளை அடைக்கக் கற்றுத்தந்தது. அதை யாருமே பொருட்படுத்தவில்லை.

மூன்றாவதுதான் ஆடலறிவியல் கல்லூரி. இதற்கு மட்டும் பூங்கோதை தானாக விண்ணப்பித்திருந்தாள்.

நிலவில் உடம்பின் எடை ஆறில் ஒரு பங்கு. அங்கே பிறந்த பிள்ளைகளின் எலும்பு அப்பளம் மாதிரி. பாதம் தரையில் ஓங்கி மோதினால்தான் எலும்பு உறுதிப்படும். ஆனால் ஓங்கி மிதித்தால் ஆள் கூரைக்குப் போய்விடுவார். பரதத்தின் அடவுகளையும் இயற்பியலையும் சேர்த்துப் படித்து இதற்கு வழி தேடும் கல்லூரி அது. திரையில், மூன்றாம் வருடத்துப் பூங்கோதை, உடம்பு கீழே இறங்கும்போதே மிதிக்கும் ஓர் அடவைக் கண்டுபிடித்தாள். தாளம் கெடவில்லை, ஆளும் பறக்கவில்லை. நாற்பது வயதில் அவள் மருத்துவமனைக் கூடத்தில் நின்று தட்டுக்கழியால் தாளம் தட்ட, சக்கர நாற்காலிகளை விட்டு எழுந்த பிள்ளைகள் தரை அதிர மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கவசத்தைக் கழற்றியதும் பூங்கோதை மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“அப்பா, பாத்தீங்களா? அந்த அடவு இன்னும் என் கால்லயே இருக்குப்பா!”

“பாத்தேம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“அப்போ இதையே போட்டுடலாமா?”

“நம்ம பொண்ணு சிரிச்ச முகமா இருந்தது இதுல மட்டும்தாங்க” என்றாள் செண்பகம்.

அருணகிரி கையெழுத்துப் போடத்தான் எழுந்தார். அப்போது கனிமக் கல்லூரி அறைப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுத் தாமஸ் பொன்னையா, மகன் ரூபனோடு வந்தார். அருணகிரி மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

“பொன்னையா சார் வெவரமானவரு. விசாரிக்காம எதுவும் செய்ய மாட்டாரு” என்றார் மெதுவாக.

“அப்பா, நீங்கதானே திரையில பாத்தீங்க?”

“பாத்தேன்மா. ஆனா நாளைக்கு நாலு பேர் கேட்டா டான்ஸுன்னா சொல்ல முடியும்?”

பூங்கோதை அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் அந்த அடவை அங்கேயே ஆடிக் காட்டினாள். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அருணகிரிக்கு மானம் போனது. கனிமக் கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டார்.

கழுவலுக்குப் போய் வந்த பூங்கோதை சாதாரணமாக இருந்தாள். வீங்கிய கண் ஏன் எரிகிறது என்று மட்டும் அம்மாவைக் கேட்டாள். போகிற வழியில் ஒரு சுவரொட்டி முன்னால் நின்றாள்.

“அப்பா, ஆடலறிவியலாம். இப்படிக்கூட ஒரு காலேஜ் இருக்கா? நாம இதுக்கு அப்ளை பண்ணவே இல்லையே?”

“அதெல்லாம் நமக்குச் சரிப்படாதும்மா.”

“சரிப்பா” என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒருநாளும் சரி சொன்னதில்லை. செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் பொன்னையா ஓடி வந்து அருணகிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ரூபனையும் கனிமத்துலயே சேத்துட்டேன் சார். ரொம்ப நன்றி.”

“எனக்கு எதுக்கு சார் நன்றி?”

“அவன் செடி வளக்குற படிப்புதான் வேணும்னு ஒரே அழுகை. எனக்கும் அரை மனசுதான். ஆனா காலையில உங்க பொண்ணு முதல் ஆளா கனிமத்துக்குள்ள போனதப் பாத்தேன். நீங்க விசாரிக்காம செய்ய மாட்டீங்களேன்னு கண்ண மூடிக்கிட்டுப் போட்டுட்டேன்.”

அருணகிரி கையிலிருந்த சேர்க்கை ரசீதை விரித்தார். கழுவிய நினைவு திரும்பாது. ஆனால் கல்லூரியை நாளை மாலை வரை மாற்றிக்கொள்ளலாம் என்று ரசீதிலேயே போட்டிருந்தது. செண்பகம் அவர் கையிலிருந்த ரசீதையே பார்த்தாள்.

“இப்பவே உள்ள போயி மாத்திடலாங்க” என்றாள்.

அவரும் இரண்டு எட்டு வைத்தார். எதிரே மூன்றாம் வீட்டுக் காதர் மொய்தீன், மகளைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

“ஆடலறிவியல் வேணும்னு பிள்ள ஒத்தக்கால்ல நிக்குது. ஒண்ணும் புரியல சார். உங்க பொண்ண எங்க போட்டீங்க?”

அருணகிரி ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“கனிமந்தான் பாய். நாலு இடத்துல நல்லா விசாரிச்சுதான் போட்டோம். பொன்னையா சார் பையனும் அங்கதான். கண்ண மூடிக்கிட்டுச் சேத்து விடுங்க.”