வெளுத்து வந்த ஃபிலிம்

காலை ஏழே முக்காலுக்கு டார்க் ரூமில் விளக்கு எரிந்தது. நேற்றிரவு பிடித்த வால்நட்சத்திரத்தைக் காணோம்.

ஈரம் சொட்டும் ஃபிலிமைப் பேராசிரியர் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கண்ணாடி மாதிரித் தெளிந்த சுருளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புப் புள்ளிகள். பெரிய நட்சத்திரங்கள் மட்டும் பதிந்திருந்தன. இன்றிலிருந்து மேகம், வானம் தெளிவதற்குள் அந்த வால்நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் போய்விடும்.

"கேஸ் ஏத்தறதுல கோட்டை விட்டுட்டியேம்மா! ரோப் கார் ஓடினதும் கீழே இறங்கிடு. திரும்பி வர வேண்டாம்."

"நான் ஒழுங்காத்தான் ஏத்தினேன் சார்." ஃபிலிம் கழுவும் உதவியாளர் பெண் சொன்னாள். பொழுதெல்லாம் இருட்டில் வேலை பார்ப்பவளுக்கு இருட்டக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ரோப் கார் ஓடினால்தானே! விடியற்காலையிலிருந்து பேய்க்காற்று. மலையுச்சி வானாய்வுக்கூடத்தில் நான்கு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பேராசிரியரின் தங்கை, விடுப்பில் வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர். ரவுடிகளைக் கண்டு அசராதவளுக்கு மூடிய அறை என்றால் பயம். ஜன்னலே இல்லாத டார்க் ரூமின் வாசலில் ஒரு காலை வெளியே வைத்தபடிதான் நின்றாள்.

"அண்ணா, கேஸ் எதுக்கு?"

"ஃபிலிமைத் தகர டப்பால அடைச்சு, காத்தை உறிஞ்சிட்டு, ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனை நிரப்பிச் சூடு பண்ணுவோம். அப்புறம் மங்கலான வெளிச்சத்தையும் பிடிச்சுக்கும். என்ன, சுருள் முழுக்க லேசா சாம்பல் பூத்துடும்."

"கேஸ் சரியா ஏறலைன்னா?"

"அப்பவும் பூக்கும். சூடு பட்டாலே போதும்."

"ஈரக்காத்து பட்டா வீணாயிடும் மேடம். கழுவற வரைக்கும் குளிர்ச்சியா வச்சிருக்கணும்," என்றாள் இருட்டக்கா.

பேராசிரியரின் மருமகன் எட்டிப் பார்த்தான். ராத்திரி தொலைநோக்கியில் படம் எடுத்தவன் அவன்தான். ஒரு கையில் டீ கிளாஸ், கக்கத்தில் பிளாஸ்க்.

"ரோப் கார் எப்ப ஓடுமாம், அத்தை?"

"இதோட நாலாவது தடவை கேட்டாச்சு மாப்பிள்ளை. பிளாஸ்க்ல டீ இருந்தா எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

"தீர்ந்துடுச்சு அத்தை."

அவள் இருட்டக்கா பக்கம் திரும்பினாள். "நேத்து என்ன நடந்தது? ஒண்ணுவிடாம சொல்லு."

"சூடு பண்ணி எடுத்ததும் சுருளோட வால்ல விரல் நீளம் கத்தரிச்சேன் மேடம். அதைக் கழுவிப் பார்த்துட்டுத்தான் சுருளைக் குடுப்பேன். அதோ தொங்குது."

கம்பியில் ஒரு துண்டு ஃபிலிம் தொங்கியது. லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. ஒரு முனை கோணல்மாணலாக இருந்தது.

"ஏன் இப்படிக் கோணல்?"

"இருட்டுல கைத்தடவல்ல வெட்டறது மேடம். வேற எப்படி வரும்?"

"சுருள் யார் கைக்குப் போச்சு?"

"என் கைக்குத்தான்," என்றார் பேராசிரியர். "கத்தரிக்கறப்பவே நான் கூட இருந்தேன். டப்பால போட்டு டேப் ஒட்டி மாப்பிள்ளைகிட்ட நானே குடுத்தேன். காலைல அவர் கொண்டுவந்ததும் நான் பக்கத்துல நிக்கத்தான் இவ கழுவினா."

 இன்ஸ்பெக்டருக்குச் சுவர்கள் நெருங்கி வருவது போல இருந்தது. ஆனாலும் வெளியே இருந்த காலை உள்ளே எடுத்து வைத்து, ஈர ஃபிலிமின் வாலைத் துண்டோடு சேர்த்துப் பிடித்தாள்.

சுருளின் முனை கம்பெனியில் வெட்டியபடி நேராக இருந்தது. கத்தரி பட்ட அடையாளமே இல்லை.

"அண்ணா, சூடு பட்டா சாம்பல் பூக்கும்னு நீங்களே சொன்னீங்க. இது கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கு. வாலும் முழுசா இருக்கு. இவ கேஸ் ஏத்தின சுருள் இது இல்லவே இல்லை. கடைல வாங்கின சாதா ஃபிலிம்ல நாலு நட்சத்திரத்தைப் பிடிச்சுக் குடுத்திருக்காங்க. நீங்க குடுத்ததுக்கும் திரும்பி வந்ததுக்கும் நடுவுல டப்பா ஒரே ஒருத்தர் கைலதான் இருந்தது."

மருமகன் பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"நீங்க கேஸ் ஏத்தின ஃபிலிமைக் கழுவினதே இல்லை, மாப்பிள்ளை. அது சாம்பல் பூக்கும்னு உங்களுக்குத் தெரியாது. குளிர்ச்சியா வைக்கணும்னு மட்டும் தெரியும். டீ தீர்ந்த பிளாஸ்க்கை யாராவது இப்படிக் கட்டிக்கிட்டு நிப்பாங்களா? குடுங்க."

அவன் ஓரடி பின்வாங்கினான். எங்கே ஓடுவது? கீழே இறங்க இருந்த ஒரே வழி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தனை வருஷம் மாமா பேருக்குப் பின்னாலயே நிக்கறது? ஒரு தடவை இந்தப் படமாவது என் பேர்ல வரட்டும்னு... அத்தை, உங்க அண்ணன் பொண்ணை நினைச்சுப் பாருங்க."

"நினைச்சேன். பழியை ஒரு ஏழை மேல போட்டுட்டு வந்த புருஷனோட அவ எப்படிக் குடித்தனம் பண்ணுவா?"

பிளாஸ்க்கில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது டப்பா. பேராசிரியர் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். இருட்டக்கா மட்டும் அசையாமல் நின்றாள்.

"தனியா கழுவமாட்டேன் மேடம். அப்புறம் இதையும் நான்தான் மாத்தினேன்பாங்க. நீங்க உள்ள வரணும்."

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தாள். கதவு மூடியது. விளக்கு அணைந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கருமை. இன்ஸ்பெக்டரின் கை சுவரைத் தேடித் தடவியது.

"பயமா இருக்கா மேடம்?"

"செத்துடுவேன் போல இருக்கு."

"என் முந்தானையைப் பிடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டாள். தண்ணீர் சலசலத்தது, எவ்வளவு நேரமோ தெரியவில்லை. பிறகு விளக்கு எரிந்தது. வாலில் கோணலாகக் கத்தரித்த சுருள், லேசான சாம்பல். நடுவில் புகை போல ஒரு கீற்று, நீண்ட வாலோடு.

இருட்டக்கா அதைப் பார்க்கவில்லை. கதவை முழுக்கத் திறந்துவிட்டுச் சொன்னாள்:

"முதல்ல நீங்க வெளிய போய் மூச்சு விடுங்க மேடம். நான் இங்கதான் இருப்பேன்."