கழுவாத கை!

“ஐயோ... என் மகளைக் கொன்னுபுட்டாங்களே!”

செல்லையாவின் அலறலில் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் தகரக் கூரையே அதிர்ந்தது.

கட்டிலில் ரஞ்சனி. வயது இருபத்து மூன்று. குழந்தை பெற்று நாலே நாள். மூன்று நாளாய் நெருப்பாய்க் காய்ச்சல்... இன்று காலை ஏழு மணிக்கு மூச்சு நின்றுவிட்டது!

சப்-இன்ஸ்பெக்டர் லிங்கசாமி ஜீப்பிலிருந்து குதித்தார்.

“யாரு மேலங்க சந்தேகம்?”

“அந்தா நிக்கிற மிஸ்ஸிதாங்க! அவ ஊசி போட்ட பொறவுதான் காய்ச்சல் கூடிச்சு!”

எல்லாத் தலைகளும் நர்ஸ் ஜூடித் பக்கம் திரும்பின.

அவள் அழவில்லை. மறுக்கவும் இல்லை.

“ஆமா சார்... ரஞ்சனியைக் கொன்னது நான்தான்!”

பாய்ந்த செல்லையாவைக் கான்ஸ்டபிள் அமுக்கிப் பிடித்தார். லிங்கசாமி அவளை மருந்து அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

“சொல்லுங்க சிஸ்டர். ஊசியில என்னத்தைக் கலந்தீங்க?”

“ஊசியில ஒண்ணுமில்ல சார். விஷம் கையில இருந்துச்சு...”

“உங்க கையிலயா?”

“டாக்டர் கீர்த்திவாசன் கையில!”

லிங்கசாமி நிமிர்ந்தார்.

“பிரசவத்தன்னிக்கு டாக்டர், சங்கிலிங்கிற தோட்டத்து ஆளோட அழுகின காலுக்குக் கட்டுப் போட்டுட்டு இருந்தாரு. ரஞ்சனி கத்துனா. அப்படியே ஓடி வந்து... அதே கையால பிரசவம் பார்த்தாரு.”

“கழுவலையா?”

“குழாய் எங்க இருக்குன்னு பாருங்க சார்.”

ஜன்னல் வழியே பார்த்தார். முற்றம் தாண்டி, சமையல்கட்டுக்கும் அப்பால்... மழையில் நனைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு குழாய்!

“சோப்பு கேட்டா ஆபீஸ்ல இல்லைம்பாங்க. கையுறை தீர்ந்து மூணு மாசமாச்சு.”

“அப்ப தப்பு டாக்டர் மேல. நீங்க ஏனுங்க பழியை ஏத்துக்கறீங்க?”

ஜூடித் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நான் பார்த்தேன் சார்! ‘கழுவிட்டு வாங்க டாக்டர்’னு சொல்ல வாயைத் தொறந்தேன். சொல்லலை... தேயிலை விலை விழுந்ததுல இருந்து ஆளைக் குறைக்கறாங்க. எதிர்த்துப் பேசின கம்பவுண்டரை அனுப்பிட்டாங்க. என் வேலை தப்பிச்சுது... அவ செத்துட்டா!”

டமால்!

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் கீர்த்திவாசன் நின்றார்.

லிங்கசாமி மறுப்பை எதிர்பார்த்தார். நீண்டன இரண்டு கைகள்!

“விலங்கை மாட்டுங்க. இதுக்கு முன்ன ரெண்டு தாய்மாருக்கு இதே காய்ச்சல் வந்து பொழைச்சாங்க. அப்பவே தெரியும், என் கைதான்னு. அப்பவும்... மழைன்னு சோம்பல்பட்டேன்.”

கேஸ் பதிவானது. டாக்டர் கோர்ட் படியேறினார். விசாரணையில் எஸ்டேட் மேனேஜருக்கும் வியர்த்தது.

இரண்டே மாதம். பிரசவ அறைக்கு உள்ளேயே குழாய். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் கையைச் சுத்தம் செய்யும் மருந்து பாட்டில். புது டாக்டர் முதல் நாளே நர்ஸ்களைக் கூட்டிச் சொன்னார்: “நான் மறந்தா சத்தம் போடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்.”

ஜூடித் சத்தம் போட்டாள். தினமும் போட்டாள். ஆனாலும் ரஞ்சனி படுத்திருந்த கட்டிலைக் கடக்கும்போது மட்டும் தலை தானாய்க் குனிந்தது.

வாசலில் வாட்ச்மேன் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்... செல்லையா!

ஜூடித்துக்குச் சாட்சி சம்மன் கொடுக்க வந்த லிங்கசாமி வார்டுக்குள் நுழையப் போனார். செல்லையா குறுக்கே நின்றார்.

“மன்னிக்கணும் தொரை. சட்டை காக்கியா இருந்தாலும் கையக் கழுவித்தான் உள்ள போகணும்!”

லிங்கசாமி கைகளை நீட்டினார்.

பின்னால் கான்ஸ்டபிள் முணுமுணுத்தார்.

“பதினெட்டு வருஷ சர்வீஸ்ல... ஐயா சோப்புக்குக் கை நீட்டி இன்னிக்குத்தாங்க பார்க்கறேன்!”